குதிரைக்கல்மேட்டுப் பீரங்கி வண்டி

குதிரைக்கல்மேட்டில் லாரிக்குப் பாடி கட்டும் செங்கோடன், பதினோரு வருஷமாகக் கண்ணை மூடித் தூங்காதவன், ஆள் ஏறாமல் ரிமோட்டிலேயே ஓடுகிற பீரங்கி வண்டி ஒன்றைக் கட்டி முடித்தது ஆனி மாசத்து வியாழக்கிழமை ஒன்றில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பேர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

குதிரைக்கல்மேடு திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு லாரி டிரைவர், வீதிக்கு ஒரு போர்வெல் வண்டி. ஆம்பளைகள் சத்தீஸ்கரில் பாறையைக் குடைந்துகொண்டிருப்பார்கள், இல்லையென்றால் நாக்பூர் ரோட்டில் முட்டை லோடு இழுத்துக்கொண்டிருப்பார்கள். பொம்பளைகள் விசைத்தறியின் லொடக்கு லொடக்குக்கு நடுவில் பகலையும் ராத்திரியையும் ஒன்றாக நெய்துகொண்டிருப்பார்கள். எத்தனையோ பஞ்சம் வந்து போன ஊர்தான், தூக்கப் பஞ்சம் மட்டும் வந்ததிலிருந்து போகவேயில்லை. ஆனாலும் ஒரேயடியாகத் தூங்காதவன் என்றால் அது செங்கோடன் ஒருவன்தான். முதல் வருஷம் ஊர் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டது, ரெண்டாம் வருஷம் வைத்தியம் சொன்னது, மூணாம் வருஷத்திலிருந்து வேலை கொடுத்தது. ரயிலுக்குப் போகிறவர்கள், "செங்கோடா, நாலு மணிக்கு எழுப்பி வுட்ரு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார்கள். சேவல்கள்கூட எந்நேரமும் விளக்கெரியும் அவன் பட்டறையைப் பார்த்துக் குழம்பிப்போய், விடிந்ததா இல்லையா என்று முடிவு செய்கிற பொறுப்பை அவனிடமே விட்டுவிட்டன.

அவன் தூக்கம் போன கதை ஊருக்குத் தெரியும். அவன் சம்சாரம் அத்தாயிக்கு அர்த்தநாரி என்று ஒரு தம்பி; தாயில்லாத பிள்ளையை அவள்தான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். மிலிட்டரியில் சேர்ந்து பீரங்கி வண்டி ஓட்டவேண்டும் என்பது அவன் ஆசை. ஆள் எடுக்கிற மைதானத்தில் நெஞ்சளவு ஒரு அங்குலம் குறைந்துபோக, திரும்பி வந்து, அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமன் செங்கோடனுடைய வண்டியில் மாத்து டிரைவராக ஏறிக்கொண்டான். "வுடு மாப்ளே, நானே உனக்கு ஒண்ணு கட்டித் தர்றேன்" என்று செங்கோடன் தேற்றியபோது, "குண்டு போடுமுங்களா மாமா?" என்று கேட்டுச் சிரித்தான். இருபத்தாறு வயசில், நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு விடியக்காலையில், அவன் ஓட்டிக்கொண்டிருந்த லாரி புளியமரத்தில் ஏறியது. பக்கத்துச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த செங்கோடனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. "நீங்க படுங்க மாமா, நான் ஓட்டறேன்னு அவனேதான் கேட்டு வாங்கினான்" என்று செங்கோடன் எழவு வீட்டில் சொன்னான். ஊர் நம்பியது. அத்தாயி எதுவும் கேட்கவில்லை.

நடந்தது வேறு. "எனக்கும் கண்ணு சொக்குதுங் மாமா, ஓரங்கட்டிப் படுத்துட்டுப் போலாமுங்" என்றுதான் அர்த்தநாரி சொன்னான். "அரை மணி நேரம் பாரு மாப்ளே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி ஸ்டியரிங்கை அவன் கையில் கொடுத்துவிட்டுச் செங்கோடன் காலை நீட்டினான். அந்தச் சொல்தான் அன்றிலிருந்து அவன் இமை ரெண்டுக்கும் நடுவில் ஈர்க்குச்சி மாதிரி முட்டுக் கொடுத்து நின்றது.

லாரி ஓட்டுவதை விட்டுப் பாடி கட்ட வந்தவன், மற்றவர்கள் தூங்குகிற நேரத்தையெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல், மச்சானுக்குப் பீரங்கி வண்டி கட்டித் தருவதாகச் சொன்ன சொல்லை ஒருநாள் கையில் எடுத்துக்கொண்டான். பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கண்ணிக்குக் கண்ணி போல்ட் போட்டு, சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற இரும்புச் சங்கிலி ரெண்டு செய்தான். வயிற்றுக்குள் டிராக்டர் இன்ஜினை இறக்கினான். மேலே சுழல்கிற தலைக்கு, ரைஸ் மில்காரர் ஓட்டை என்று ஒதுக்கிய நெல் அவிக்கிற அண்டாவைக் கவிழ்த்து, அதைத் திருப்ப லாரியின் வைப்பர் மோட்டாரை மாட்டினான். ஈரோட்டில் பொம்மை விமானம் விடுகிறவரிடம் ரெண்டு குச்சி வைத்த ரிமோட் ஒன்றை வாங்கி வந்தான்; இடது குச்சி வண்டியை ஓட்டும், வலது குச்சி பீரங்கியை ஊத வைக்கும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து ரெண்டும் நடுவுக்கு வந்து நின்றுவிடும். பதினாறடி நீளம், ஆள் உயரம், உடம்பெல்லாம் பச்சை.

பச்சை அடித்தவர் பெயிண்டர் மாரப்பன், லாரிகளின் முதுகில் கிளியும் தாமரையும் வரைந்து கை பழுத்தவர். வண்டியை மூணு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்:

"ஏப்பா, டிரைவர் சீட்டு எங்க?"

"சீட்டு இல்லீங்ண்ணா. சீட்டு இருந்தா ஆளு உக்காருவான். உக்காந்தா போயிருவான்."

மாரப்பன் பின்பக்கம் ஒரு கிளியை வரைந்துவிட்டுப் போனார்.

பீரங்கிக் குழாய்க்குத்தான் செங்கோடன் யாரும் செய்யாததைச் செய்தான். ஆயிரத்து நூறடி போட்டும் தூசி மட்டுமே வந்த போர்வெல்லிலிருந்து உருவிப் போட்ட இரும்பு கேசிங் பைப்பு ஒன்று வேலியோரம் கிடந்தது. அந்த ஊரில் அதற்குத் தோத்த பைப்பு என்று பேர். அதை இன்னொரு போருக்கு இறக்கமாட்டார்கள், வாசலில் நட்டுக் கொடிக்கயிறு கட்டக்கூட யோசிப்பார்கள். "பூமிக்குள்ள போய்ப் பதில் இல்லாமத் திரும்புனது, அதைப் போய்த் தொடறயேப்பா" என்று போர் போடுகிற ரிக் வண்டியின் ஓனர் ஒருவர் தடுத்தார். "இதுல நான் தண்ணி கேக்கப் போறதில்லீங்க" என்று சொல்லி, பத்தடி அறுத்துப் பற்றவைத்துவிட்டான் செங்கோடன். பின்னால் காரணம் தேடியவர்கள் எல்லாரும் இந்தப் பைப்பைத்தான் காட்டினார்கள், பூமிக்கு அடியில் இருக்கிற நிசப்தம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றார்கள். காரணம் தேடாதவர்கள் பாயை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

குண்டு போடாவிட்டாலும் புகையாவது விடட்டும் என்று, குழாயின் பின்பக்கம் கொல்லுப்பட்டறை உலைக்குக் காற்று ஊதுகிற ஃபேனை வைத்து, சாம்பலைக் கொட்டியிருந்தான். பூஜை நடந்தது. வண்டிக்கு நாலு டயர் இருந்தால் நாலு எலுமிச்சம்பழம், ஆறு இருந்தால் ஆறு. டயரே இல்லாத வண்டிக்கு எத்தனை என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்து, கடைசியில் சங்கிலி நெடுக வரிசையாக ஒரு கூடைப் பழத்தையும் அடுக்கி நசுக்கினார்கள். அன்று காலையில்தான் சத்தீஸ்கரிலிருந்து வந்திறங்கிய ரிக் ஆட்கள் ஒன்பது பேர், உடம்பெல்லாம் கல் தூசியோடு, வேடிக்கை பார்த்து நின்றார்கள். "ஏனுங்ண்ணா, பாகிஸ்தானுக்கு எப்பப் பொறப்படறீங்க?" என்று ஒருத்தன் நக்கல் விட்டான். செங்கோடன் வலது குச்சியை மேலே தள்ளினான். பீரங்கி ஊம்ம்ம் என்று, கன்றை நக்குகிற மாடு மாதிரி ஒரு சத்தம் போட்டது. புகை வரவில்லை. ஈரமண் வாசத்தோடு ஒரு காற்று மட்டும் வந்தது. நக்கல் விட்டவன் வாயை மூடாமலே பக்கத்திலிருந்தவன் தோளில் சாய்ந்தான், அவன் அடுத்தவன் மேல் சாய்ந்தான், ஒன்பது பேரும் அடுக்கி வைத்த சீட்டுக்கட்டு சரிகிற மாதிரி சரிந்து, எலுமிச்சம்பழத் தோல்களுக்கு நடுவில் தூங்கிப்போனார்கள்.

செத்துப்போனார்களோ என்று செங்கோடன் பதறி விரலை எடுத்தான். ஒன்பது பேரும் எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்ண்ணா நிறுத்தீட்டீங்க?" என்று கோபித்துக்கொண்டார்கள்.

ரெண்டு நாளில் ஊருக்கு அதன் பக்குவம் புரிந்துவிட்டது. பால் தயிராக உறைகிற மாதிரி தூக்கம் உறைய நேரம் வேண்டும். நூறு எண்ணுகிற வரைக்கும் குச்சியைத் தள்ளிப் பிடித்திருக்கவேண்டும், அதற்கு முன்னால் விட்டால் கலைந்துவிடும், நூறைத் தாண்டினால் உடம்புக்குப் போதும் என்கிறவரை தூங்கலாம். கைதான் பிடிக்கவேண்டும். சைக்கிள் டியூபை அறுத்துக் குச்சியை இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள். வெறும் காற்றுதான் வந்தது.

பட்டறை வாசலில் தார்ப்பாய் விரித்தார்கள். முதல் வரிசை லோடு இறக்கிவிட்டு வந்த டிரைவர்களுக்கு, அடுத்தது தறிக்காரப் பொம்பளைகளுக்கு, ஓரத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு இடம் விடவேண்டும் என்று யாரும் சொல்லாமலே வழக்கமாகிவிட்டது. காலை ஷிப்ட் தூக்கம், மத்தியானத் தூக்கம் என்று பிரித்துக்கொண்டார்கள். தேர்தல் கூட்டத்தில் ரெண்டு கட்சிக்காரர்களும் மைக்கைப் பிடித்து மாறி மாறித் திட்டிக்கொண்டபோது, ஊர்ப் பெரியவர்கள் வண்டியை மெதுவாக மைதானத்துக்கு வரவழைத்தார்கள். கூட்டம் அமைதியாக முடிந்தது.

போலீசும் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கும்போதே, "யோவ், மிலிட்டரி வண்டிய வீட்ல கட்டறதுக்கு எவன்யா பர்மிஷன் குடுத்தது?" என்றார்.

"பொம்மைங்க சார்."

"பதினாறடியிலயா பொம்மை? சுடுமா?"

"சுடாதுங்க, ஊதுமுங்க."

"எங்க, ஊது பாக்கலாம்" என்று இடுப்பில் கைவைத்து முன்னால் நின்றார். சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, நேரில் சென்று நீண்ட நேரம் விசாரித்ததில் யாதொரு ஆபத்தும் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். மறுநாள் மாமியாரை ஜீப்பில் அழைத்து வந்தார்.

அங்கே படுத்தவர்களுக்குக் குறட்டைதான் வேறுவேறு, கனவு எல்லாருக்கும் ஒன்று. மேடு பள்ளமில்லாமல், சுங்கச்சாவடி இல்லாமல், மழை விட்ட வெளிச்சத்தில் போய்க்கொண்டே இருக்கிற ஒரு ரோடு. அதில் சிலர் லாரியில் போனார்கள், சிலர் நடந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் நின்று பேசினார்கள், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். ரெண்டு கல்யாணம் அங்கேயே பேசி முடிவானது. கனவில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்ட ரெண்டு பேர், எழுந்ததும் காலைப் பார்த்து, "இது உங்களுதுங்க" என்று மாற்றிக்கொண்டார்கள். யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை, திருப்பூர் போய்வந்தவர்கள் திருப்பூரைப் பேசுகிற மாதிரி பேசினார்கள்.

அந்த ரோட்டில்தான் அர்த்தநாரியைப் பார்த்தார்கள்.

முதலில் வந்து சொன்னது அந்த ரிக் ஆட்கள். "அண்ணா, உங்க மச்சான் அங்க லாரி ஓட்டீட்டு இருக்கறானுங். கண்ணு ரெண்டும் மொளகாப் பழமாச் செவந்து கெடக்குது. நிறுத்துடான்னா நிறுத்தமாட்டேங்கறான்."

அப்புறம் மாரப்பன் சொன்னார். "நான் கூடவே ஓடிப் போய்ப் படியில ஏறிக் கேட்டேம்ப்பா, குடு, கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன்னு. மாட்டேன்னுட்டான். மாமா பாத்துக்கச் சொல்லிட்டுப் படுத்தாருங், அவரு கேட்டாத்தான் குடுப்பேங்கறான். பதினோரு வருஷமா ஓட்டறான்டா செங்கோடா. மாத்த ஆளு வரலியான்னு கேக்கறான்."

செங்கோடன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

அன்றிலிருந்து அவன் தூங்குவதற்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் ரிமோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு தானே முன்னால் படுத்து, தன்னைத் தானே ஊதிக்கொண்டான். மூணு எண்ணுவதற்குள் கண் சொருகும், கண் சொருகினால் விரல் தளரும், விரல் தளர்ந்தால் குச்சி திரும்பும், முழிப்பு வந்துவிடும். ஒரு மத்தியானம் முழுக்க இப்படி நாற்பது தரம் தூங்கி நாற்பது தரம் எழுந்தான். ரோட்டின் ஓரத்து வெள்ளைக் கோடு மட்டும் ஒரு மின்னல் மாதிரி தெரிந்து தெரிந்து மறைந்தது. பிறகு மாரப்பனிடம் ரிமோட்டைக் கொடுத்தான்.

"புடிச்சிருக்கீங்களாண்ணா?"

"புடிச்சிருக்கேன், தூங்கு."

"உங்களுக்கு அசதியா இல்லீங்களே?"

"இல்லடா."

"இருந்தாச் சொல்லீருங்கண்ணா."

"டேய், எண்பதுல வந்து கண்ணத் தொறக்கறயேடா! மொதல்ல இருந்து எண்ணோணும் இப்ப."

மாரப்பன் கை, ரிக் ஓனர் கை, இன்ஸ்பெக்டர் கை என்று ஏழு கை மாறியது. இன்னொருத்தன் கையில் வண்டி இருக்கிறது என்று நினைத்த மாத்திரத்தில் செங்கோடனுடைய கண் தானாகத் திறந்துகொண்டது. அதற்குள் கனவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்த சேதியும் மாறிக்கொண்டே போனது: லாரி கோட்டை விட்டு இப்படியும் அப்படியும் அலைகிறதாம், அவன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு ஓட்டுகிறானாம், அந்த நேர் ரோட்டில், கண்ணுக்கெட்டுகிற தூரத்தில், இத்தனை நாள் இல்லாத ஒரு புளியமரம் முளைத்திருக்கிறதாம்.

ஊரே முன்னால் வந்து படுத்த அந்த வண்டிக்கு அத்தாயி மட்டும் முன்னால் வந்ததே இல்லை. பட்டறையின் பின்கதவு வழியாக வந்து சோற்றை வைத்துவிட்டு அப்படியே போய்விடுவாள். புளியமரம் முளைத்த அன்றைக்கு மறுநாள் மத்தியானம், சொம்பில் கம்மங்கூழோடு வந்தவளைச் செங்கோடன் நிறுத்தினான். தார்ப்பாயில் யாரும் இல்லை. கரண்ட் போயிருந்ததால் தறிகளும் ஓயவே, சொன்னால் கேட்காது என்று சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

"அத்தாயி, அவனாக் கேட்டு வாங்கல. தூக்கம் வருது, ஓரங்கட்டலாம்னுதான் சொன்னான். நாந்தான் புள்ள அரை மணி நேரம் பாருன்னு குடுத்துட்டுப் படுத்தேன்."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"தெரியுமுங்."

"எப்படி?"

"அதுக்கு மொத நாள் ராத்திரி போன் பண்ணுனான். ரெண்டு நாளாத் தூங்கல, கண்ணு எரியுது, எறங்கிப் பஸ்ஸப் புடிச்சு வந்தர்றேன்னு சொன்னான். மாமாவுந்தான ஓட்டறாரு, கொஞ்சம் ஒத்தாசையா இரு சாமின்னு நாந்தான் சொன்னேன்." பிறகு சொன்னாள்: "நீங்களாச்சும் பொய்யச் சொன்னீங்க. நான் அதைக்கூடச் சொல்லல."

செங்கோடன் அவள் முகத்தைப் பார்த்தான். பதினோரு வருஷத்தில் அவன் அவளை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"அதைக் குடுங்க இப்படி" என்றாள்.

ரிமோட்டைக் கொடுத்துவிட்டு அவன் தார்ப்பாயில் மல்லாந்து படுத்தான். அத்தாயி வாழ்க்கையில் ஒரு சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஏதோ ஒரு குச்சியைத் தள்ளினாள். பதினாறடி இரும்பும் கடகடவென்று கிளம்பி, கூழ்ச்சொம்பைத் தகடாக்கிக்கொண்டு நேராக அவனிடம் வந்து, உள்ளங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"எடது இல்ல புள்ள, வலது."

"தெரியுது. வாய மூடுங்க."

அவன் வாயை மூடினான். கண்ணையும் மூடினான். பிடித்திருக்கிறாயா என்று கேட்கவில்லை. பீரங்கி ஊம்ம்ம் என்றது, ஈரமண் வாசம் வந்தது, அவள் ஏழு என்று எண்ணுவதற்குள் செங்கோடன் போய்விட்டான்.

நூறு ஆனதும் அவள் விரலை எடுக்கவில்லை. மாரப்பன் ஓடிவந்து, "போதும் அம்மிணி, உறைஞ்சிருச்சு" என்றார். "அக்கட்ட போங்க" என்றாள். ஒரு நாள் ஆயிற்று, ரெண்டு நாள் ஆயிற்று; நின்ற இடத்திலேயே நின்றாள். தறிக்காரப் பொம்பளைகள் சோற்றை உருட்டி அவள் வாயில் ஊட்டினார்கள், ஒருத்தி குடை பிடித்தாள், ஒருத்தி விசிறினாள். ஊருக்குள் வருகிற லாரிகள் கீழேயே இன்ஜினை அணைத்துவிட்டு, ஆள் இறங்கித் தள்ளிக்கொண்டு மேடேறின. இன்ஸ்பெக்டர் ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் செங்கோடன் கண்ணைத் திறந்தான். அவன் கை ரெண்டும் நெஞ்சுக்கு மேலே, ஸ்டியரிங்கைப் பிடித்த வாக்கில் அந்தரத்தில் நின்றன. கட்டை விரலில் புதிதாகக் காய்ப்பு இருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் அத்தாயி.

"பாத்தேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணுஞ் சொல்லல. குடு மாப்ளேன்னேன். எறங்கிச் சுத்தி வந்து, அந்தப் பக்கம் ஏறிப் படுத்துட்டான்."

"தூங்குனானா?"

"வாயத் தொறந்துட்டு. நான் ஓட்டீட்டே இருந்தேன்."

"மரம்?"

"தாண்டியாச்சு."

அவள் குரல் திடீரென்று உயர்ந்தது. "நீங்க இங்க வந்துட்டீங்களே, இப்ப யாரு ஓட்டறாங்க?"

"ஓரங்கட்டீட்டுத்தான் புள்ள வந்தேன்" என்றான் செங்கோடன். "எல்லா டயருக்கும் கல்லு வெச்சிருக்கறேன்."

 அத்தாயி விரியாத விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ரிமோட்டை அவன் கையில் வைத்தாள். அவன் எழுந்த இடத்தில், அந்தச் சூடு ஆறுவதற்குள், ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

"நானுந்தான் தூங்கல இத்தனை வருஷமா" என்றாள், யாரிடமோ சொல்வது மாதிரி. "அவனை எழுப்பமாட்டேன். சும்மா பக்கத்துல உக்காந்திருந்துட்டு வர்றேன். பாதியில விட்டீங்கன்னா இருக்குது உங்களுக்கு."

செங்கோடன் வலது குச்சியைத் தள்ளி, ஒன்று, ரெண்டு என்று சத்தமில்லாமல் எண்ண ஆரம்பித்தான். நூறு வந்தது. அவன் எண்ணிக்கொண்டே இருந்தான்.